ஒரு நொடி இடைவெளி

அன்று காலை என் கணவர் என்னோடு பிணவறைக்கு வந்தது என் மணிக்கட்டுக்காக.

நான் அங்கே டைப்பிஸ்ட். உடலைப் பரிசோதிக்கும்போது டாக்டர் சொல்வதெல்லாம் ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிவாகும். பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை நான் அறிக்கையாக அடிக்க வேண்டும். அடிப்பதில் பாதி, திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள்தான். 'விறைப்பு உடல் முழுவதும் பரவியுள்ளது.' 'நகங்கள் நீலம் பாரித்துள்ளன.' 'வெளிக்காயங்கள் எதுவும் இல்லை.' வருஷக்கணக்கில் இவற்றையே அடித்து அடித்து என் வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. இரவில் அவர்தான் தைலம் தடவித் துணி சுற்றிவிடுவார்.

அவர் அதே மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். "இந்த ஆஸ்பத்திரியில பொணத்தைத் தவிர எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணுவேன்" என்பது அவருடைய பழைய ஜோக். கேட்டுச் சலித்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். சொல்லும்போது அவர் முகம் அப்படி இருக்கும்.

"எந்திரி. கை வலிக்காத மாதிரி ஒண்ணு பண்ணித் தரேன்."

"மந்திரமா?"

"மந்திரம் தெரிஞ்சா உங்க டாக்டர் நாற்காலியில உக்காந்திருப்பேன். இது வெறும் ப்ரோக்ராம் மேடம்."

என் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். நாம் எதையாவது காப்பி செய்தால் கம்ப்யூட்டர் கடைசியாகச் செய்ததை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. முன்னால் செய்தவற்றையும் ஒரு பட்டியலாக ஞாபகம் வைத்திருக்கும். இரண்டு பட்டனை அழுத்தினால் அந்தப் பட்டியல் திரையில் வரும். வேண்டியதைத் தொட்டால் அது அறிக்கையில் நாம் நிற்கும் கட்டத்துக்குள் போய் விழும். அவருடைய ப்ரோக்ராம், என் வழக்கமான வாசகங்களை ஒவ்வொன்றாகத் தானே காப்பி செய்து அந்தப் பட்டியலில் அடுக்கிவிடும். காலையில் ஒரு தடவை நான் அதை ஓடவிட்டால் போதும்.

முதல் முறை ஓடவிட்டபோது பட்டியலில் ஒரே ஒரு வாசகம்தான் இருந்தது. கடைசி வாசகம்.

"ரொம்ப வேகமாப் போட்டா இப்படித்தான்," என்றார். "எல்லாரும் ஒரே நேரத்துல கதவுல முட்டினா, கடைசி ஆள்தான் உள்ள நிக்கறான். நடுவுல கொஞ்சம் இடைவெளி விடணும்."

ஒவ்வொரு வாசகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி வைத்தார். ஒன்று ஏறியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்படியும் செய்தார், ஏறியதா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காக. பரிசோதித்துப் பார்க்க அவர் முதலில் போட்ட வரி 'கை வலிக்குதா?' என்பது. அதை மட்டும் பட்டியலில் நிரந்தரமாக, பலகையில் ஊசி குத்துவதுபோல, 'பின்' செய்து வைத்தார்.

"கம்ப்யூட்டரை அணைச்சா மத்ததெல்லாம் போயிடும். இது போகாது. தினமும் நான் கேக்கற மாதிரி இருக்கட்டும்."

எங்கள் வாழ்க்கையில் சாதாரணமாக நடந்த கடைசி விஷயம் அதுதான்.

திரையில் அப்போது ஒரு அறிக்கை திறந்திருந்தது. சந்தையில் திருடினான் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கொன்ற ஆளுடையது. நனைந்த சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பெயர் கிடையாது, தேடி வந்தவர் கிடையாது. அந்தச் சாக்கின் புளித்த வாடை ஃபார்மலினையும் பினாயிலையும் தாண்டி என் அறைவரை வந்திருந்தது. அந்த ஆளின் உடம்பில் இருந்த காயங்களை அடித்து முடிக்க எனக்கு முந்தின நாள் முழுக்கப் பிடித்தது. இரண்டு தடவை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

என் கணவர் காயங்களுக்கான கட்டத்தில் கர்ஸரை வைத்தார். கை பழக்கத்தில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தார். பட்டியலைத் திறந்து கண்ணில் பட்ட ஒரு வாசகத்தைத் தொட்டார்.

நான் அடித்திருந்த அத்தனையும் போய், ஒரே ஒரு வரி நின்றது.

வெளிக்காயங்கள் எதுவும் இல்லை.

"பாத்தியா? எவ்வளவு சுளுவு!"

"ஐயோ, என்னங்க! அது நெசமான ரிப்போர்ட்டு!"

"பதறாத. பழையபடி கொண்டு வந்துடலாம்."

அவர் விரல் பட்டன்மேல் படுவதற்குள் கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது.

எங்கள் டாக்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அவசரம். சாப்பாட்டையும் நின்றுகொண்டே முடிப்பவர். தன் அறையில் அதே அறிக்கையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர், படிக்காமலே கையெழுத்தை அழுத்திவிட்டிருந்தார். கையெழுத்தான அறிக்கையை அவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது.

ஓடினோம். டாக்டர் அதற்குள் அடுத்த உடலுக்காகக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பழைய பதிவை அழித்துவிட்டு ரெக்கார்டர் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டது போட்டதுதான்மா. தெறந்தா ஏன் தெறந்தேன்னு மேல விளக்கம் எழுதணும். கேக்க ஆள் இல்லாத ஒடம்பு. விடுங்க."

"அவரை அடிச்சுக் கொன்னிருக்காங்க டாக்டர்," என்றேன்.

"அடிச்சவங்களைப் பிடிச்சு என்ன பண்ணப் போறாங்க? போலீசுக்கும் ஒரு வேலை மிச்சம்."

சாயங்காலமே உடலைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நாங்கள் மீசை என்று கூப்பிடும் பிணவறை உதவியாளர்தான் வண்டியில் ஏற்றினார். அந்தக் காயங்கள் இப்போது எந்தத் தாளிலும் இல்லை, எந்தப் பதிவிலும் இல்லை, மண்ணுக்கு மேலேயும் இல்லை.

மறுநாள் காலை ப்ரோக்ராமை ஓடவிட்டேன்.

டிக். டிக். டிக்.

டீயைக் கையில் எடுத்தபோது மூக்கில் நனைந்த சாக்கு வாடை ஏறியது. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே நல்ல வெயில். பட்டியலைத் திறந்தேன். என் வாசகங்களுக்கு நடுவே நாங்கள் போடாத ஒன்று உட்கார்ந்திருந்தது.

'இடது கண்ணுக்குக் கீழே, இரும்புக் கம்பி பட்டு எலும்பு தெரியும் காயம். இன்னும் வலிக்கிறது.'

முதல் வாக்கியம் நான் அந்த ஆளுக்காக அடித்தது. இரண்டாவதை டாக்டர் சொல்லவும் இல்லை, நான் அடிக்கவும் இல்லை.

மதியம் என் கணவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்தார். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றும்போது இரும்புத் தகடு சரிந்து கிழித்துவிட்டதாம். கைக்குட்டையை விலக்கிப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே சதை வாய்போலப் பிளந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு.

தையல் போட்டுக்கொண்டு வந்ததும் பட்டியலைக் காட்டினேன். கன்னத்தை அசைக்காமல் சிரிக்கப் பார்த்தார்.

"பழசு எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத."

அடுத்த நாள் வந்த வரி: 'வலது கையில் மூன்று விரல்கள் மிதிபட்டு நசுங்கியுள்ளன. இன்னும் வலிக்கிறது.'

படித்த உடனே அவருக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிப்ட் கதவில் கை மாட்டிக்கொண்டு அவர் அலறியது அந்த மணிச் சத்தத்தினூடே மாடியிலிருந்து எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு அவர் ஜோக் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடுமுறை. டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் என் அறைக்கு வந்தோம். வராந்தாவில் மீசை மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ப்ரோக்ராமைத் திறந்தார். இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிவிட்டு ஓடவிட்டார்.

டிக்.

காத்திருந்தோம்.

டிக்.

"இது நான் போட்டது இல்ல," என்றார் மெல்ல. "என்னோடது இன்னும் ஏறவே இல்ல. இடைவெளியில வேற யாரோ ஏத்தறாங்க."

இன்னும் நீட்டினார். இடையில் இரண்டு டிக். இன்னும் நீட்டினார். இடையில் டிக் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே கதவருகில் ஒரு கூட்டம் முறை வைத்துக் காத்திருப்பதுபோல.

"இடைவெளியே இல்லாமப் பண்ணிடறேன். அப்ப எங்கருந்து வருவான்?"

எடுத்துவிட்டார். எல்லாம் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வாசகம்.

கடைசி ஆள்தான் உள்ளே நிற்பான் என்று அவரே சொல்லியிருந்தார்.

'பின்மண்டை, கல்லால் பலமுறை தாக்கப்பட்டு உள்நோக்கி உடைந்துள்ளது. இதுவே மரணத்துக்குக் காரணம்.'

இதில் 'இன்னும் வலிக்கிறது' இல்லை.

அவர் இடது கையைத் தூக்கித் தன் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ப்ரோக்ராமையே அழித்தார். எங்கேயும் மிச்சமில்லை என்று தேடிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

"தூக்கிட்டேன். இனி ஒண்ணும் இல்ல."

"அந்த ஆளோட காயத்தை அவர் ரிப்போர்ட்லயே திரும்பப் போட்டுடலாம்ங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. டாக்டர் தெறந்து மட்டும் விடட்டும்."

டாக்டருக்கு போன் போட்டேன். தட்டில் கரண்டி படும் சத்தத்தோடு எடுத்தார்.

"டாக்டர், அந்தச் சந்தை ஆளோட ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தெறந்து விடுங்க. வீட்டிலேருந்தே பண்ணலாம். ரெண்டு நிமிஷம்."

"லீவு நாள்லயுமாம்மா?"

டிக்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். அழித்த ப்ரோக்ராம். யாரும் எதையும் தொடவில்லை.

டிக்.

அவருடைய சட்டை இடது விலாவில் ஒரு கை அகலத்துக்கு உள்ளே அமுங்கியது. எதிரில் யாரும் இல்லை. உள்ளே ஏதோ முறியும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிக்.

வாய் பக்கவாட்டில் கோணி, இரண்டு பற்கள் கீபோர்டின் மேல் விழுந்தன.

"டாக்டர்! தெறங்க டாக்டர்! இங்க ரத்தம்…"

"ரத்தமா? யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு!"

"ஆஸ்பத்திரியிலதானம்மா இருக்க? தூக்கிட்டுக் கேஷுவால்டிக்குப் போ. ரிப்போர்ட்டை எதுக்குக் கேக்கற?"

டிக்.

முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. நாற்காலியோடு சாய்ந்தார். சாக்கு வாடை அறையை நிறைத்தது. காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆளுடையது அல்ல, மண் தரையில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு கூட்டத்தின் காலடிச் சத்தம். எங்கள் தரை வழவழப்பான கல்.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். மேசைக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரை அணையவில்லை.

டிக்.

அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். தூக்கியபடியே உள்ளங்கைகள் குறுக்காகப் பிளந்தன. அதையும் நான் அடித்திருக்கிறேன்: 'தாக்குதலைத் தடுத்தபோது உள்ளங்கைகளில் ஏற்பட்ட காயங்கள்.'

அந்தக் கைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய வாய், ஆனால் அவருடைய குரல் இல்லை.

"நான் எடுக்கலைங்க. ஐயா, நான் எடுக்கலைங்க."

பட்டியலில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. சந்தை ஆளின் அறிக்கையைத் திறந்தேன். காயங்களுக்கான கட்டத்தில் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் போட்டேன். ஒன்றும் விழவில்லை. அழுத்தினேன், குத்தினேன், மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கட்டம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

"டாக்டர், கால்ல விழறேன். தெறங்க."

"அழாதம்மா. நாளைக்கு வந்து பேசிக்கலாம்."

போன் அணைந்தது.

மீசை ஓடி வந்தார். வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு குனிந்து அவரை அள்ளித் தூக்கினார். நான் அவர் மேலே கவிழ்ந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். அடிகள் என் கைகளைத் தொடாமல் அவற்றின் வழியாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தன. என் விரல்களுக்குக் கீழே தலை அதிர்ந்தது.

கடைசியாக ஒரு முறை அவருடைய சொந்தக் குரல் வந்தது.

"கையை எடு. வலிக்கும்."

டிக்.

அதற்குப் பிறகு பேட்டரிப் பெட்டியின் சத்தமும் நின்றுவிட்டது.

என்னை அந்த அறையிலிருந்து யார் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. மறுநாள் டாக்டர் என் முன்னால் வந்து நின்றார். முதல் தடவையாக அவசரம் இல்லாமல் பேசினார்.

"மாரடைப்பும்மா. பயந்துட்ட. மனசு எதையாவது காட்டும். கன்னத்துத் தையல், கைக்கட்டு, அது ரெண்டும் பழசு. வேற ஒரு கீறல்கூட இல்ல."

என் கணவரின் உடலைப் பார்த்தேன். உண்மைதான். தலை முழுசாக இருந்தது. பற்கள் வரிசையாக இருந்தன. உள்ளங்கைகள் அவர் தூங்கும்போது இருப்பதுபோல லேசாக விரிந்திருந்தன. அறைத் தரையில் துடைக்க ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையாம்.

மீசை மட்டும் என்னிடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் தூக்கறப்ப சட்டை நனைஞ்சிருந்துச்சும்மா. கையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. எலும்பு எல்லாம் தனித்தனியா… நான் எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மீசை மறுபடி வேலைக்கு வரவில்லை.

நான் விடுப்பில் இருந்ததால் என் கணவருடைய அறிக்கையை டாக்டரே அடித்தார். நான் பிறகு பார்த்தேன். காயங்களுக்கான கட்டத்தில் ஒரே ஒரு வரி. வெளிக்காயங்கள் எதுவும் இல்லை. கட்டம் சாம்பல் நிறம். கையெழுத்து ஆகியிருந்தது.

என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பிறப்புச் சான்றிதழ் பகுதி. அழுகைச் சத்தமும் பால் வாடையுமான இடம். அங்கே ஒரு நாள் முற்பகலில் மேசை போன் அடித்தது. டாக்டர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் என் கம்ப்யூட்டர்லயும் அந்த ப்ரோக்ராமைப் போட்டு வச்சிருந்தாரா?"

"இல்லையே டாக்டர். ஏன்?"

"என்னமோ தானா ஏறுது. கேளுங்க." படித்தார். "இடது கண்ணுக்குக் கீழே, இரும்புக் கம்பி பட்டு…"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கன்னத்தில் ஏதாவது கட்டு இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது, கட்டு இருந்திருக்க வேண்டும்.

"ரிப்போர்ட்டைத் தெறங்க டாக்டர். உடனே. காயத்தையெல்லாம் திரும்பப் போடுங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

"தெறந்துதாம்மா வச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரரோடதுதான். போட்டுப் போட்டுப் பாக்கறேன், நிக்க மாட்டேங்குது."

"அவரோடது இல்ல டாக்டர். அதுக்கு முன்னாடி உள்ளது. அந்த ஆளோடது."

போனில் ஒரு டிக் கேட்டது. டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஆள்?"

"சந்தையில அடிச்சுக் கொன்னாங்களே. சாக்குல சுத்திக் கொண்டுவந்தாங்களே."

டிக்.

"அப்படி நிறைய பேர் வருவாங்களேம்மா," என்றார் டாக்டர். குரல் ஒரு குழந்தையினுடையதுபோல ஆகியிருந்தது. "யாருன்னு எனக்கு ஞாபகம் இல்லையே."

அறிக்கை எண் எனக்கு மனப்பாடம். சொன்னேன். மறைக்கவில்லை, தாமதிக்கவும் இல்லை. அவர் அதைத் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமாகத் தட்டினார், தப்பாகத் தட்டினார், அழித்துவிட்டு மறுபடி தட்டினார். நடுவே டிக் சத்தங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. பிறகு அவரும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எதையும் எடுக்கவில்லை என்று.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டேன். யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அவருக்கும் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். வெளிக்காயங்கள் எதுவும் இல்லை என்று அந்த அறிக்கையில் யார் போட்டது, யார் கையெழுத்திட்டது என்று நான் விசாரிக்கவில்லை. சந்தை ஆளின் அறிக்கை அப்படியேதான் இருக்கிறது. அதைத் திறக்கக்கூடிய கையெழுத்து இப்போது யாரிடமும் இல்லை.

என் புதிய கம்ப்யூட்டர் வேறு. அதை என் கணவர் தொட்டதே கிடையாது. காலையில் வந்ததும் இரண்டு பட்டனை அழுத்திப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். சில நாள் சாக்கு வாடை வரும், சில நாள் வராது. பட்டியல் காலியாகவே இருக்கும், அடியில் பின் செய்த ஒரு வரியைத் தவிர.

கை வலிக்குதா?